400 மில்லிமீட்டருக்கு ஒரு வழக்கு: சென்னையில் பஸ்ஸும் நடைபாதையும் கேட்டவர்கள்

சென்னையில் பல பத்தாண்டுகளாக ஓடிவரும் சாதாரண மாநகரப் பஸ்ஸின் தளம், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே போகப் படியேற வேண்டும். முதல் படியே பலருக்கு முழங்கால் உயரம். கல்லூரி மாணவர் கம்பியைப் பிடித்து ஒரே தாவலில் ஏறிவிடுவார். ஒரு கையில் கூடை, இடுப்பில் குழந்தை என்று நிற்கும் பெண்ணுக்கும், மூட்டுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட பெரியவருக்கும் அந்தப் படி அன்றாடச் சோதனை. சக்கர நாற்காலியில் இருப்பவரால் அந்தப் பஸ்ஸில் ஏறவே முடியாது. தாழ்தளப் பேருந்து என்றால் தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டர். இந்த ஓர் அளவுக்காகச் சென்னையின் மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள்.

நல்ல பொதுப் போக்குவரத்தும் பாதுகாப்பான தெருக்களும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த நகரத்தில் எப்போதும் பஞ்சமில்லை. அவர்கள் எதை வென்றார்கள், எங்கே தடைபட்டார்கள் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘பஸ் சேவையை மேம்படுத்துங்கள்’, ‘நடப்பவர்களையும் கவனியுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டபோதெல்லாம் ஆட்சியாளர்கள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். தளம் இத்தனை மில்லிமீட்டர், பட்ஜெட்டில் இத்தனை விழுக்காடு, நடைபாதை இத்தனை மீட்டர் என்று கேட்டபோதுதான் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. அப்படிப் பெற்ற அளவையும், பிறகு யாரும் அளந்து பார்க்காத இடங்களில் நகரம் இழந்துவிட்டது.

படியும் பாதையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து வாகனம் வரை எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் அமைப்பது அரசின் கடமை என்று அதன் 41-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழகங்கள் உயரமான பஸ்களையே வாங்க முனைந்தன. செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அந்தப் போக்கின் குறுக்கே நின்றது.

அரசுத் தரப்பு சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் சாலைகளில் தண்ணீர் தேங்குகிறது, சாலைகள் குறுகலாகவும் மேடு பள்ளமாகவும் இருக்கின்றன, வேகத்தடைகள் உயரமாக இருப்பதால் தாழ்வான பஸ்ஸின் அடிப்பாகம் இடிக்கும், விலையும் அதிகம். இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் இதே நகரத்தின் முதன்மைச் சாலைகளில்தான், மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் வாங்கிய தாழ்தள வோல்வோ குளிர்சாதனப் பஸ்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. வேகத்தடைக்கும், சாலைகளுக்கான தரஅளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு அளவு வகுத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் போட்ட வேகத்தடையில் தாழ்தள பஸ் இடிக்காமல் ஏறி இறங்கும். தெருமுனையில் ஒரே இரவில் குவித்துவிட்டுப் போகும் தார் மேடுதான் இடிக்கும். சாலை சரியில்லை என்பதைக் காரணம் காட்டி மோசமான பஸ்ஸை வாங்குவதை ஏற்றுக்கொண்டால், சாலையைச் சரிசெய்ய யாருக்கும் எந்த நெருக்கடியும் இராது. இந்த வழக்கின் பெரிய பயன் அந்தச் சுழலை அறுத்ததுதான் என்பது என் கருத்து.

ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனுதவியோடு 1,107 பஸ்கள் வாங்கும் திட்டத்தையொட்டி வழக்கு சூடு பிடித்தது. எந்தெந்தத் தடத்தில் தாழ்தள பஸ் ஓட முடியும், எதில் முடியாது என்று சாலை சாலையாகக் கணக்குக் காட்ட வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. முடிவில் ஒரு பகுதி தாழ்தளமாகவும் மீதி உயரத் தளமாகவும் வாங்க 2023-ல் நீதிமன்றம் அனுமதி அளித்தது. கேட்டவர்களுக்கு இது முழு வெற்றி இல்லை. ஆயினும் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தள பஸ்கள் சென்னைச் சாலைக்கு வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. அவை அனைத்தும் தாழ்தளம். முடியவே முடியாது என்று அரசின் பதில் மனுவில் சொல்லப்பட்ட ஒன்று, சில ஆண்டுகளில் அரசு விளம்பரத்தில் இடம்பெற்றது.

மின்சாரப் பஸ்கள் வந்த வழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் சொந்தப் பஸ்கள் அல்ல. தனியார் நிறுவனம் பஸ்ஸை வாங்கி, ஓட்டுநரை அமர்த்தி, பராமரிக்கும். கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். கண்டக்டரும் டிக்கெட் வருமானமும் கழகத்தின் பக்கம். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயத்தின் முதல் படியாகப் பார்த்து எதிர்க்கின்றன. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய காலம் முதல் இந்த நகரத்தின் பஸ்ஸை நஷ்டத்திலும் வெள்ளத்திலும் ஓட்டியவர்கள் அந்த ஊழியர்கள். புதிய பஸ்ஸும் பழைய வேலைப் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்க வழியில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பஸ் தாழ்வாக வந்ததும் அடுத்த சிக்கல் தலைகாட்டியது: அது எங்கே நிற்கிறது?

கணக்கு எளியது. நடைபாதையின் உயரம் சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டுதல்படி 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பஸ்ஸின் தளம் 400. நடைபாதை ஓரத்தை ஒட்டி பஸ் நின்றால், ஏறுபவர் கடக்க வேண்டியது 250 மில்லிமீட்டர் மட்டுமே. பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து கொடுக்கும் வசதி இருந்தால் அதுவும் குறையும். சாய்தளப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலி அதிகச் சிரமமில்லாமல் உள்ளே போகும். அதே பஸ், நிறுத்தத்தை மறித்து நிற்கும் ஆட்டோக்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தாண்டி நடுச்சாலையில் நின்றால், பயணி நடைபாதையிலிருந்து இறங்கி, தரையிலிருந்து முழு 400 மில்லிமீட்டர் ஏற வேண்டும். பலகையோ செங்குத்தாகிவிடும், துணைக்கு ஒருவர் இல்லாமல் அதில் நாற்காலியை ஏற்ற முடியாது. பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். விலை உயர்ந்த பஸ்ஸின் பயனில் பாதியை, நிறுத்தத்தில் நிற்கும் ஓர் ஆட்டோ பறித்துக்கொள்கிறது. பஸ்ஸுக்கான கோரிக்கையும் நடைபாதைக்கான கோரிக்கையும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பஸ் பயணம் ஒவ்வொன்றும் காலில் தொடங்கிக் காலில் முடிகிறது; வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்க அஞ்சுபவர், வசதி வந்ததும் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார்.

சென்னை நடைபாதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பல தெருக்களில் நடைபாதை என்று நாம் சொல்வது உண்மையில் மழைநீர் வடிகாலின் மூடி. வடிகாலைக் கட்டுபவர்கள் தண்ணீர் ஓடும் மட்டத்தைப் பார்த்துக் கட்டுகிறார்கள். அதன்மேல் ஸ்லாப் போட்டதும் அதுவே நடைபாதையாகிவிடுகிறது. அதனால்தான் ஒரு வீட்டு வாசலில் ஓர் அடி உயரம், அடுத்த வாசலில் சரிவு, அதற்கடுத்து மின்பெட்டி என்று ஏறி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு வாசல் ஏறி இறங்கிய பெரியவர் மூன்றாவதில் சாலையில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். அவரைப் பார்த்து ‘நடைபாதை இருந்தும் ரோட்டில் நடக்கிறார்கள்’ என்று குற்றம் சொல்வது அநியாயம். இன்னொரு பக்கம், பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவதால் சாலை ஆண்டுக்காண்டு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போயின. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஓர் உத்தரவு கையில் இருந்ததால், தெருவாசிகள் ஒப்பந்ததாரரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது.

60 விழுக்காடு என்ற வாக்குறுதி

2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கை அது. இந்திய நகரங்களில் இப்படி ஒன்றை முதலில் ஏற்றவற்றுள் சென்னையும் ஒன்று. ஐ.டி.டி.பி. என்னும் போக்குவரத்துக் கொள்கை அமைப்பு இதில் மாநகராட்சிக்குத் துணை நின்றது. அதற்கு முன்பே, 1985-ல் தொடங்கிய சிஏஜி என்னும் குடிமக்கள் நுகர்வோர் அமைப்பும், சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் தோழன் போன்ற தன்னார்வக் குழுக்களும், மாற்றுத்திறனாளர் இயக்கங்களும் களத்தை உழுது வைத்திருந்தன.

கொள்கையின் சிறப்பு அதிலிருந்த எண்கள். மாநகராட்சியின் போக்குவரத்துப் பட்ஜெட்டில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும். 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் பாதுகாப்பான, தொடர்ச்சியான நடைபாதை. நடந்தும் சைக்கிளிலும் போகும் பயணங்களின் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் விபத்தில் இறப்பது அறவே இல்லாத நிலை. மேம்பாலத்துக்கே பணம் ஒதுக்கிப் பழகிய ஒரு நகரத்தில், நடப்பவருக்குப் பாதிக்கு மேல் ஒதுக்குவோம் என்று எழுத்தில் தந்தது பெரிய திருப்பம். அது நியாயமான பங்கும்கூட. 2008-ல் நடந்த சென்னைப் போக்குவரத்து ஆய்வில் பயணங்களில் கால் பங்குக்கு மேல் நடையாகவே இருந்தது; பஸ்ஸும் ஏறத்தாழ அதே அளவு; காரின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. சாலையின் அகலத்தை யாருக்குக் கொடுத்தோம் என்பதைப் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும்.

பேருந்துத் தடச் சாலைகள் பலவற்றில் அடுத்த ஆண்டுகளில் நடைபாதைகள் அகலமாயின. ஆனால் மாநகராட்சியின் பொறுப்பில் 471 பேருந்துத் தடச் சாலைகள், 387 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. உட்புறச் சாலைகளோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். 2018 வந்து போயிற்று. 80 விழுக்காடு வரவில்லை. தவறியதற்கு யார் பொறுப்பு என்று கொள்கையில் எழுதியிருக்கவில்லை. ஆண்டுதோறும் இத்தனை செய்தோம், இத்தனை செய்யவில்லை என்று மன்றத்தில் வைத்துப் படிக்கும் கட்டாயமும் இல்லை. எண்ணைப் பெற்றவர்கள், அந்த எண்ணைக் காவல் காக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

பாண்டி பஜாரில் நடந்தது வேறு மாதிரி. தியாகராய சாலையின் அந்தப் பகுதி 2019 நவம்பரில் அகன்ற நடைபாதைகளோடு திறக்கப்பட்டது. அதற்கு முன் சில நாள்கள் தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சாலையைக் குறுக்கிச் சோதனை நடத்தினார்கள். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினார்கள். சோதனை நாள்களில் குழந்தைகள் ஓடியாட, குடும்பங்கள் நின்று நிதானித்து நடக்க, அந்த அச்சம் ஓரளவு தணிந்தது. கூட்டத்தில் காட்டும் வரைபடத்தைவிடத் தெருவில் காட்டும் மாதிரி மக்களை எளிதில் நம்ப வைக்கிறது என்பதை இங்கே கண்டோம். திறந்த பின் பராமரிப்பு தளர்ந்தது, இருசக்கர வாகனங்கள் மேலேறின, தரைக்கற்கள் பெயர்ந்தன. இருந்தாலும் மாலை நேரத்தில் அங்கே போனால், முதியவர்கள் உட்காரும் பெஞ்சுகள் காலியாக இருப்பதில்லை.

பாண்டி பஜாரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அங்கே பல தலைமுறையாகத் தெருவில் கடை போட்டவர்கள், இந்த மாற்றத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஒரு மாடிக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வழியோடு போகிறவர் நின்று வாங்கும் பொருளை மாடியேறிப் போய் யார் வாங்குவார்? நடைபாதை இயக்கத்துக்குள் ‘ஆக்கிரமிப்பை அகற்று’ என்ற குரல் எப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் குழு அமைத்து முறைப்படுத்தச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல்படி 1.8 மீட்டர் நடக்கும் வெளியைத் தடையின்றி விட்டுவிட்டு, மிச்சத்தில் பூக்கடையும் இளநீர்க் கடையும் இருந்தால் நடப்பவருக்கு நன்மையே. இரவு ஒன்பதரை மணிக்கு பஸ்ஸுக்காகத் தனியே நிற்கும் பெண்ணுக்கு, தெருவிளக்கைவிட அந்தப் பூக்கடையின் விளக்கும் கடைக்கார அம்மாவின் பேச்சும் பெரிய தெம்பு. நடைபாதையில் நிறுத்திய காரை அகற்றுவதற்கு முன் இட்லிக் கடையை அகற்றும் நகராட்சி, யாருடைய பக்கம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

ஒரு சாலை, ஏழு துறைகள்

மாநகராட்சியின் கொள்கை மாநகராட்சிச் சாலைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சென்னையின் பெரிய சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. சில, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். அண்ணா சாலையில் நடப்பவருக்கு அந்தக் கொள்கையைக் காட்டி உரிமை கேட்க வழியில்லை. சாலை ஒரு துறை, பஸ் ஒரு கழகம், சிக்னல் காவல் துறை, வடிகால் மாநகராட்சி, மெட்ரோ தனி நிறுவனம், புறநகர் ரயில் தெற்கு ரயில்வே, நில வகைப்பாடு சிஎம்டிஏ என்னும் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாகிவிட்டன. ஒரு நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைக்க மனு கொடுத்தவர் எத்தனை அலுவலகங்களில் காத்திருக்க வேண்டும் என்பதை, மனு கொடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இதற்குத்தான் கும்டா என்று அழைக்கப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் சட்டம் 2010-லேயே நிறைவேறியது. அதன் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். இடையில் போன 12 ஆண்டுகளில் என்னென்ன ஒருங்கிணையாமல் போயின என்பதற்கு நகரமெங்கும் சாட்சிகள் நிற்கின்றன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்க வேண்டியது வெறும் 5 கிலோமீட்டர். அதில் ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கான நிலம் வழக்கில் மாட்டியதால் பணி பத்தாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் புறநகர் ரயிலும் மெட்ரோவும் வந்து காத்திருந்தன.

கிளாம்பாக்கம் இன்னும் அண்மைக் கதை. தென்மாவட்டப் பஸ்களுக்கான பெரிய நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. விருதுநகரிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கிய குடும்பம், மூட்டை முடிச்சுகளோடு நகருக்குள் போக மாநகரப் பஸ்ஸையோ ஆட்டோவையோ நம்பி நின்றது. நிலையத்தின் கட்டடம் நன்றாகவே இருக்கிறது. முதலில் ரயில் நிலையம், பிறகு பஸ் நிலையம் என்று வரிசைப்படுத்தச் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் அந்த ஆண்டுகளில் இல்லாமல் போனார்.

கும்டா உயிர்பெற்ற பிறகு கண்ணுக்குத் தெரியும் பலன் 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலி. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். நல்ல தொடக்கம். ஆனால் டிக்கெட்டை இணைப்பது எளிய பகுதி. ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் பஸ் நிற்பதும், கடைசி மெட்ரோவுக்குப் பின்னும் ஒரு பஸ் இருப்பதும்தான் கடினமான பகுதி. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை அந்தத் திசையில் ஒரு சரியான வேலை. சாலையைக் கடக்க மட்டும் கட்டும் நடைமேம்பாலங்களை இதோடு சேர்த்துப் புகழ முடியாது. வண்டி நிற்காமல் போவதற்காக மனிதரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்பவை அவை.

இன்னொரு பெரிய இடைவெளி பணத்தில் இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1895-லேயே மின்சார டிராம் ஓடி, 1953-ல் அதை இழந்த ஊர் இது. தண்டவாளம் திரும்ப வருவது நல்லதே. ஆனால் ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். ஒரு கோடிக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரத்துக்கு அது 6,000 பஸ்களுக்கு மேல் வரும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

கட்டணம் என்னும் வாசல்

2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஒரே நாளில் கடுமையாக உயர்ந்தது. மாநகரப் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் மாநிலம் முழுவதும் தெருவில் இறங்கினார்கள். சில நாளில் அரசு கட்டணத்தைச் சற்றுக் குறைத்தது. பஸ்ஸை விட்டுப் போன பயணிகளில் பலர் திரும்பவில்லை.

அந்த நினைவு ஆறுவதற்குள், 2021 மே மாதம் புதிய அரசின் முதல் நாள் கையெழுத்துகளில் ஒன்றாகச் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பின்னர் திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. இன்று அதன் பெயர் விடியல் பயணம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்றது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தத் தொகை ஒரு கேஸ் சிலிண்டர், அல்லது பிள்ளையின் நோட்டுப் புத்தகம். பக்கத்துத் தெருவில் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டவர், இரண்டு பஸ் மாறிப் போய் நல்ல கூலி கேட்க முடிகிறது. இதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள், மேம்பாலத்தில் காருக்கு யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குறை அந்தத் திட்டத்தின் வெளியே இருக்கிறது. சாதாரண பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்று எந்த நிறுத்தத்திலும் எழுதியிருப்பதில்லை. டீலக்ஸ் மூன்று போன பின் சாதாரண பஸ் ஒன்று வந்தால், காத்திருக்கும் நேரத்தையே கட்டணமாகக் கொடுத்தவர் ஆகிறார் அந்தப் பெண். தடவாரியாக, மணிவாரியாக எத்தனை சாதாரண பஸ்கள் என்று வெளியிடச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் அடுத்து கேட்க வேண்டிய எண்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மனு

சாலைச் சாவுகளின் கணக்கைப் பார்த்தால் இவை எல்லாம் ஏன் அவசரம் என்பது புரியும். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர், நாளுக்கு 49. மறு ஆண்டு எண்ணிக்கை 18,000-ஐத் தாண்டியது. நாடு முழுவதும் 2022-ல் இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் நடந்து போனவர்: 32,825 பேர். வேகம் இதில் முதல் காரணம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65-ல் மோதும்போது, நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சென்னைக் காவல் துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வைத்தது. தெரு நேராகவும் அகலமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அந்தப் பலகையை யாரும் பார்ப்பதில்லை; மேசை போல உயர்த்திய கடக்குமிடமும் குறுக்கிய தெருமுனையும்தான் காலை பிரேக்குக்குக் கொண்டுவரும்.

கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்தார். விபத்தில் நொறுங்கிய உடல்களை மேசையில் வைத்துத் தைப்பவர், அவை மேசைக்கு வராமலிருக்க என்ன வழி என்று கேட்டார். அந்த வழக்கின் வழியாக 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலங்கள் தங்கள் சாவுக் கணக்கோடு ஆண்டுதோறும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று மறு ஆண்டே தளர்ந்தது.

ராஜசேகரன் வழக்கு முடியவில்லை. 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1அ) பிரிவின்கீழ் நடப்பவர்களுக்கான விதிகளை மாநிலங்கள் ஆறு மாதத்தில் வகுக்க வேண்டும் என்று கெடு விதித்தது. 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும் சொன்னது. இந்த விதி மாநில அரசின் விதி. மாநகராட்சிக் கொள்கை எட்டாத நெடுஞ்சாலைத் துறைச் சாலையையும் இது கட்டுப்படுத்தும். தவறான வடிவமைப்பால் உயிர் போனால் சாலை அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 198அ பிரிவு 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்த, எது தவறான வடிவமைப்பு என்று அளவோடு சொல்லும் விதி வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டின் விதியில் 1.8 மீட்டர், 150 மில்லிமீட்டர் என்ற அளவுகள் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் வண்டி நிறுத்தத் தடை எத்தனை மீட்டர் என்று இருக்க வேண்டும். பெரிய சாலையில் எத்தனை மீட்டருக்கு ஒரு தரைமட்டக் கடக்குமிடம் என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் பொறுப்பான பொறியாளரின் பதவியும், ஆண்டுத் தணிக்கையை வெளியிடும் தேதியும் இருக்க வேண்டும். கேட்பதற்கு மன்றமும் இருக்கிறது: தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே பெரும்பாலும் குடிநீரும் குப்பையும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும் ஒருவர், தன் தெரு நடைபாதையின் அகலத்தை டேப் வைத்து அளந்து, பக்கத்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் நின்ற சாதாரண பஸ்களை எண்ணிக்கொண்டு போகட்டும். அந்த இரண்டு எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லட்டும்.